காடியில் ஊறும் பொரித்த மீன்

பூன் லே சந்தைக்கு நீங்கள் அன்னையருடன் சென்றிருப்பீர்கள். அங்கே பனிக்கட்டியின்மேல் மீன்களைப் பரப்பி வைத்திருப்பது ஏன்? மீன் மிக விரைவில் கெட்டுவிடும் உணவு. குளிர்பெட்டி தோன்றாத காலத்து மக்கள் அதனைக் காக்க உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்கினர். அல்லது பொரித்துப் புளிப்பில் ஊற வைத்தனர். இரண்டாம் முறையைப் பற்றியே ஈண்டுக் காண்போம்.

நம் அண்டை வீட்டு மலாய், பெரனாக்கான் குடும்பத்தினர் இவ்வுணவை 'அச்சார்' என்பர். இலங்கைத் தமிழர் காய்கறி ஊறுகாயை 'அச்சாறு' என்று அழைப்பதும் இச்சொல்லே. அது பாரசீகத்திலிருந்து வந்தது. உலகின் மறுபுறத்தில், கரிபியன் கடலிலுள்ள ஜமைக்காத் தீவிலும் இதனை ஒத்த உணவு உண்டு. அதன் பெயர் 'எஸ்கோவிச்'. 1655ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கைப்பற்றும் வரை அத்தீவை ஸ்பானியர் ஆண்டனர். அவர்களுடைய 'எஸ்கபெச்சே' என்னும் சொல்லே அவ்வாறு திரிந்தது. அதன் மூலமும் காடியில் சமைத்த உணவைக் குறிக்கும் ஒரு பழைய பாரசீகச் சொல்லே ஆகும். நாம் சௌசௌ என்னும் காயை ஜமைக்கா மக்கள் 'சோசோ' என்கின்றனர்! அதனையும் எஸ்கோவிச்சில் சேர்ப்பதுண்டு.

செய்முறை எளிது. அரைக்கிலோ 'ஈக்கான் கூனிங்' மீனைத் தூய்மை செய்து, ஈரம் போகத் துடைத்து, மஞ்சளும் உப்பும் தடவி மொறுமொறுப்பாகப் பொரித்தெடுக்க வேண்டும். (எண்ணெய்ச் சட்டியின் அருகே சிறுவர் நிற்றல் ஆகாது.) பின்னர் நீளவாக்கில் அரிந்த வெங்காயம், கேரட், சௌசௌ, பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு ஆகியவற்றைச் சிறிது எண்ணெயில் வதக்குக. அரைக்கோப்பைக் காடி, சிறிது நீர், ஒரு கரண்டிச் சர்க்கரை, உப்பு சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, சூட்டோடு மீனின்மேல் ஊற்றுக. காய்கள் குழைந்துவிட்டால் சுவை கெடும். அவை கடிபட வேண்டும். ஜமைக்காவில் பச்சை மிளகாய்க்கு மாறாக, மிகுந்த காரமுள்ள 'ஸ்காட்ச் பானட்' மிளகாயை இடுவர்.

இதில் அறிவியலும் அடங்கியுள்ளது. பொரிக்கும்போது மீனின் நீர் ஆவியாக வெளியேறுகிறது. காடியிலுள்ள அசிட்டிக் அமிலம் நுண்ணுயிர்களின் பெருக்கத்தைத் தடுக்கிறது. மீன் வாடைக்குக் காரணம் அமின் என்னும் காரப்பொருள்கள். அமிலம் அவற்றோடு சேர்ந்து, எளிதில் ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுவதால் வாடை அடங்குகிறது. நம் அன்னையர் மீன் குழம்பில் புளி கரைத்து ஊற்றுவதன் பயனும் இதுவே.

எனினும் காடி இருக்கிறதே என்று மீனை நாள்கணக்கில் வெளியில் வைத்தல் தவறு. கடையில் விற்கும் காடியில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்குதான் அமிலம். நாம் ஊற்றும் நீரும் காய்களின் சாறும் அதனை மேலும் குறைத்துவிடும். நமது வெப்பநாட்டில் அது போதிய காவலன்று. ஆறியவுடன் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாள்களுக்குள் உண்டுவிட வேண்டும். அலுமினியப் பாத்திரத்தை அமிலம் அரிக்குமாதலால் கண்ணாடி அல்லது பீங்கான் கலமே ஏற்றது.

தொழிற்பேட்டையில் இரவு முறை வேலை பார்க்கும் பெற்றோருக்கு இது மிகவும் உதவும். முதல்நாள் மாலையில் செய்து குளிர்பெட்டியில் வைத்தால், மறுநாள் புளிப்பும் காரமும் மீனுக்குள் இறங்கியிருக்கும். சுடுசோறு மட்டும் வடித்தால் போதும்.