பம்ப் தண்ணீர் எடுக்கவில்லையா? உறிஞ்சு குழாயை முதலில் பாருங்கள்

திறந்த கிணற்றில் மோனோபிளாக் பம்ப் வைத்துப் பாசனம் செய்யும் விவசாயிகள் அடிக்கடி சந்திக்கும் தொல்லை ஒன்று உண்டு. மோட்டார் நன்றாக ஓடும். தண்ணீர் மட்டும் வராது. அல்லது கால் மணி நேரம் கொட்டிவிட்டுப் பிறகு நூல் போல இளைத்து நின்றுவிடும். மும்முனை மின்சாரம் இருக்கும் நேரம் வீணாகிறது, பயிர் வாடுகிறது. உடனே பம்பைக் கழற்றுவதும், "இந்த மோட்டாருக்கு இழுவை போதவில்லை" என்று 5 குதிரைத்திறனை எடுத்துவிட்டு 7.5 குதிரைத்திறன் வாங்கிப் போடுவதும் பல ஊர்களில் நடக்கிறது. பெரும்பாலும் இது வீண் செலவு. பம்பில் குறை இருப்பதைவிட, உறிஞ்சு குழாயிலும் அதன் அடியில் உள்ள ஃபுட்வால்விலும் குறை இருப்பதே அதிகம்.

காற்றுதான் தள்ளுகிறது

பம்ப் தண்ணீரை இழுக்கிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. பம்பினுள் சுழலும் இம்பெல்லர் தன்னிடம் உள்ள நீரை வெளியே வீசும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கிணற்று நீரின் மேல் அழுத்திக் கொண்டிருக்கும் காற்று, நீரைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் காற்றின் பலம் சுமார் 34 அடி உயர நீரைத் தாங்கும் அளவுதான். குழாயின் உராய்வு, வளைவுகள், ஃபுட்வால்வின் தடை ஆகியவை போக, 20 அடிக்குள் வைத்துக்கொள்வதே நல்லது; 25 அடியை எல்லை எனக் கொள்ளலாம். நீலகிரி போன்ற உயரமான இடங்களில் காற்றழுத்தமே குறைவு. உதகை மட்டத்தில் இன்னும் 8 அடியைக் கழித்துக் கணக்கிட வேண்டும்.

பெரிய மோட்டார் வாங்கியதால் காற்றின் பலம் கூடிவிடாது. மாறாக, அதே குழாயில் இரு மடங்கு நீரை ஓட்டினால் உராய்வு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. ஆகவே தொல்லை சில சமயம் முன்னைவிட அதிகமாகும்.

எனவே முதல் வேலை அளப்பது. பம்பை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நீர் இறங்கிய பிறகு, நூலில் கல் கட்டி பம்பின் நடுமட்டத்திலிருந்து நீர்மட்டம் வரை அளக்க வேண்டும். காலையில் நிறைந்திருக்கும் கிணற்றை அளப்பதில் பயனில்லை. தை மாதம் 15 அடியாக இருந்தது சித்திரையில் 27 அடியாகியிருந்தால், பம்பில் பழுது தேட வேண்டியதில்லை.

காற்று நுழைகிறதா?

அளவு 20 அடிக்குள் இருந்தும் தண்ணீர் வரவில்லை என்றால், அடுத்து காற்றுக் கசிவைத் தேட வேண்டும். டெலிவரி குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் பீய்ச்சியடித்துத் தானே காட்டிக்கொடுக்கும். உறிஞ்சு குழாயில் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். இதனால்தான் பலரும் அதைக் கவனிப்பதில்லை. தொட்டியில் விழும் நீர் நுரைத்துப் பால் போல வெளுத்து, விட்டு விட்டுச் சீறினால் காற்று கலந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. மோட்டாரை நிறுத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, பிரைமிங் புனல் வழியாகப் பம்பையும் குழாயையும் நீரால் நிரப்புங்கள். புனலில் நீர்மட்டத்திற்கு ஓர் அடையாளம் வைத்துக் கால் மணி நேரம் பாருங்கள். ஓடும்போது காற்றை உள்ளே விடும் இணைப்பு, இப்போது வெளியே நீரைக் கசியவிடும். எந்த இணைப்பு நனைகிறதோ அங்கேதான் குறை. எங்கும் கசியாமல் புனலில் மட்டும் நீர் இறங்கிக்கொண்டே போனால், ஃபுட்வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். நீர் அப்படியே நின்றால் இரண்டும் நல்ல நிலையில் உள்ளன.

பம்ப் ஓடும்போது கிளாண்டையும் பார்க்க வேண்டும். கயிறு வைத்த கிளாண்டில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருக்க வேண்டும். சொட்டாமல் காய்ந்திருந்தால், அதன் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே நீர் வரத்து கூடினால் காற்று அங்கே நுழைகிறது, கயிறை மாற்றுங்கள். கயிறுக்குப் பதிலாக மெக்கானிக்கல் சீல் வைத்த பம்பில் சொட்டவே கூடாது. எந்த வகையானாலும் நீரில்லாமல் வெறுமனே ஓடவிட்டால் சீலும் கயிறும் கருகிவிடும்.

சந்தேகமான இணைப்புகளில் பிசைந்த களிமண்ணை அப்பிப் பார்ப்பதும் நல்ல சோதனையே. சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றுவது நாலு நாளைக்குத் தாங்கும். அதையே நிரந்தரமாக நம்ப வேண்டாம்.

ஃபுட்வால்வு

ஃபுட்வால்வு கசிந்தால் சாணியைக் கரைத்து ஊற்றுவது நம் ஊர் வழக்கம். சாணி இடுக்குகளை அடைத்துக்கொள்வதால் அன்றைக்கு பம்ப் எடுத்துவிடும். வாடும் பயிருக்கு ஒரு நாள் இப்படிச் செய்வதில் தவறில்லை. தினமும் செய்தால் சாணியில் உள்ள நார் வால்விலும் இம்பெல்லரின் வாயிலும் சேர்ந்து, வேறு பழுது தொடங்கும். உள்ளே உள்ள தோல் அல்லது ரப்பர் வாஷரை மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

ஃபுட்வால்வின் சல்லடையைப் பாசி, இலை, பிளாஸ்டிக் காகிதம் ஆகியவை மூடிக்கொள்வதும் உண்டு. அப்போது நீரில் நுரை இராது. பம்பினுள் கூழாங்கல் உருள்வது போன்ற சத்தம் கேட்கும். ஆழம் மிகுதியானாலும் இதே சத்தம்தான். இது நாள்பட்டால் இம்பெல்லர் அம்மை வடுப் போலக் குழி விழுந்து கெட்டுப்போகும். சல்லடையைத் துப்புரவு செய்யும் வரை டெலிவரி வால்வைச் சற்று மூடி ஓட்டினால் சத்தம் தணியும்.

ஃபுட்வால்வு நீருக்குள் 2 அடியாவது மூழ்கியிருக்க வேண்டும். அடிச்சேற்றிலிருந்து ஓரடியாவது உயரத்தில் நிற்க வேண்டும். நீர் குறைந்து மேற்பரப்பில் சுழி விழுந்தால் அதன் வழியே காற்று நுழையும். சுழியின் மேல் ஒரு பலகையை மிதக்கவிட்டால் ஓரளவு தடுக்கலாம்.

கிணற்றில் இறங்குமுன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றினுள் மேடை கட்டி டீசல் இஞ்சின் ஓட்டும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கியவர் மயங்கி விழுந்தபின், அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். இஞ்சின் கரையின் மேல்தான் இருக்க வேண்டும்.

குழாய் அமைப்பு

உறிஞ்சு குழாய் டெலிவரி குழாயைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கட்டும். அதே அளவு நீர் 2 அங்குலக் குழாய்க்குப் பதில் 3 அங்குலக் குழாயில் ஓடினால், உராய்வு சுமார் ஏழில் ஒரு பங்காகிவிடும். குழாய் கிணற்றிலிருந்து பம்ப் வரை சீராக ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் மேடு விழுந்தால் அங்கே காற்று தங்கி நீரை அறுக்கும். பம்பின் வாயை ஒட்டியே எல்போ வளைவு வைப்பதும் கூடாது. பழைய அமைப்புகளில் இந்த மூன்று குறைகளும் ஒன்றாகவே காணப்படும்.

மின்கம்பியில் பழுது பார்த்துச் சென்ற மறுநாள் திடீரென்று நீர் குறைந்தால், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா என்று பாருங்கள். அப்படியானால், மூன்று கம்பிகளில் இரண்டை மாற்றிக் கொடுக்கச் சொல்லி மின்பணியாளரிடம் கூறுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கோடையில் 25 அடிக்குக் கீழே நீர் போய்விடுகிறது என்றால், பம்பைக் கிணற்றினுள் கீழே இறக்கி வைக்க வேண்டும். ஐப்பசி மழைக்குமுன் அதை மறக்காமல் மேலேற்ற வேண்டும். இல்லையேல் நீரிலேயே மூழ்கி ஓடும் திறந்த கிணற்று நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறலாம். அதற்கு உறிஞ்சு குழாயே இல்லை.

பம்ப் நன்றாக ஓடும் நாளில், 200 லிட்டர் டிரம் ஒன்று எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பார்த்து மோட்டார் அறைச் சுவரில் தேதியுடன் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை பார்த்து, நேரம் கூடியிருந்தால் அன்றே சல்லடையை எடுத்துக் கழுவிவிடலாம்.