சிங்கராஜாவில் தனி வழிகாட்டி எதற்கு?

கேள்வி: இலங்கையின் சிங்கராஜக் காட்டில் பறவை பார்க்கத் தனி வழிகாட்டி அவசியமா? கைபேசிச் செயலி போதாதா?

பதில்: அவசியம் என்பேன். அங்கே பறவைகள் கலப்புக் கூட்டமாக நகரும். கரிச்சானும் சிலம்பனும் முன்னே போக, மற்றவை பின்தொடரும். பத்துப் பேர் வரிசையில் போனால் கடைசி ஆள் தொலைநோக்கியைத் தூக்குவதற்குள் கூட்டம் கடந்துவிடும். செயலி குரலுக்குப் பெயர் சொல்லும், கிளையைக் காட்டாது. அங்கு வாழும் செரண்டிப் ஆந்தையின் குரல் 1995இலேயே கேட்டது; கண்ணில் பட 2001 ஆயிற்று, அதுவும் தேர்ந்த பறவையியலாளருக்கு! பகலில் அது புதருக்குள் தாழ்வாக ஒண்டியிருக்கும் இடத்தை உள்ளூர்க் கண்தான் கண்டுபிடிக்கும். செலவு கூடும்தான், இரண்டு மூன்று பேராகப் பகிர்ந்துகொள்ளலாம். பறவையை வரவழைக்க ஒலிப்பதிவை ஓயாமல் போடுபவரை மட்டும் அமர்த்தாதீர்கள். இரை தேடவேண்டிய நேரத்தைப் பறவை இல்லாத எதிரியைத் துரத்துவதில் இழக்கும்.