ரியோ நகரில் மனிதர் நட்ட வனம்

கேள்வி: பிரேசில் தேசத்து ரியோ டி ஜெனீரோ நகரில் சில தினங்கள் தங்க நேர்ந்தால், இயற்கைக் காட்சிகளில் முதலில் எதைக் காண வேண்டும்?

பதில்: யாத்திரிகர் பெரும்பாலும் கம்பிவட ஊர்தி செல்லும் சர்க்கரைக் குன்றின் உச்சிக்கும், 710 மீட்டர் உயர்ந்த கோர்கோவாடோ சிகரத்து ஏசுநாதர் சிலைக்கும் விரைகின்றனர், அவை காணத்தக்கவையே. ஆயினும் என் அபிப்பிராயத்தில் முதல் ஸ்தானம், அச்சிகரத்தைச் சூழ்ந்து கிடக்கும் திஜுக்கா வனத்துக்கே உரியது. காப்பித் தோட்டங்களுக்காக மலைச்சரிவுகளின் மரங்களை வெட்டி வீழ்த்தியதால் ஊற்றுகள் வற்றி, நகரத்து ஜனங்கள் குடிநீருக்குத் தவித்த காலத்தில், இரண்டாம் பெட்ரோ சக்கரவர்த்தியின் அரசாங்கம் 1861-ஆம் ஆண்டில் மேஜர் ஆர்ச்சர் என்பவரிடம் பொறுப்பை ஒப்படைக்க, ஆயிரமாயிரம் கன்றுகள் நட்டு மீட்கப்பட்ட வனம் அது. ஆரம்பத்தில் அக்கன்றுகளை நட்ட கரங்கள் அடிமைகளுடையவை என்பதை அந்நிழலில் நடப்போர் மறக்கலாகாது. இன்று அங்கே அருவிகள் ஓடுகின்றன. குரங்குகள் கிளை தாவுகின்றன. ஒற்றையடிப் பாதைகளில் தனியே செல்லாமல், வழியறிந்தவர் துணையோடு காலையிலேயே புறப்படுவது உசிதம்.

மறுதினம், 1808-இல் ஸ்தாபிக்கப்பட்ட தாவரவியல் பூங்காவில், இருமருங்கும் வானளாவி நிற்கும் ராஜபனைகளின் நடுவே சாவகாசமாக உலவலாம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை மழை குறைவாதலால், அம்மாதங்களில் செல்வது உத்தமம்.