ஃப்ரேமுக்கு வெளியே இருக்கும் ஆறு

அகமதாபாத்தின் சபர்மதி ஆற்றங்கரைப் பூங்காவை நம்மில் எத்தனை பேர் நேரில் பார்த்திருப்போம்? ஆனாலும் "எப்படி இருக்கும்?"னு கேட்டா உடனே சொல்லிடுவோம்: ததும்பும் தண்ணீர், நேர்க்கோடாக இரண்டு கரை, விளக்கொளியில் அடல் பாலம். எல்லாம் போட்டோ கொடுத்த அறிவு. அந்தப் போட்டோ நம் அபிப்பிராயத்தை எப்படி உருவாக்குதுன்னு பார்ப்போம்.

முதலில் உயரம். ட்ரோனிலிருந்து எடுத்தால் கரை சுத்தமான கோடாகத் தெரியும். மனுஷங்க புள்ளியாகத்தான் தெரிவாங்க. நடக்கிறவருக்கு நிழல் இருக்கா, உட்கார இடம் இருக்கா என்பது தெரியாது. அதையே கண் உயரத்தில், மதியம் ஒரு மணிக்கு எடுத்தால் வேறு பூங்கா மாதிரி இருக்கும்.

இரண்டாவது லென்ஸ். தூரத்தில் நின்று டெலிஃபோட்டோவில் எடுத்தால், முன்னும் பின்னும் தள்ளி நிற்பவர்கள் ஒட்டி நிற்பது போலத் தெரியும். பூங்கா நிரம்பி வழியும். பக்கத்தில் நின்று வைட் ஆங்கிளில் எடுத்தால் அதே கூட்டம் சிதறித் தெரியும். இரண்டுமே பொய் இல்லை.

மூன்றாவது எல்லை. தெர்மோடைனமிக்ஸில் முதல் வேலையே சிஸ்டம் பவுண்டரி போடுவதுதானே? போட்டோவின் ஓரமும் அப்படித்தான். சபர்மதி மழையை நம்பிய ஆறு. முன்பு நகருக்குள் பல மாதம் மணலாகக் கிடந்தது. இன்று படத்தில் தெரிவது நர்மதா கால்வாயிலிருந்து விடப்பட்டு, தெற்கே வாஸ்னா தடுப்பணையில் தேக்கப்படும் தண்ணீர். கால்வாய் படத்தில் வராது. தடுப்பணைக்குக் கீழே கழிவுநீர் கலந்து ஓடும் ஆறும் வராது. சபர்மதியின் மாசு குறித்து 2021-ல் குஜராத் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. கரையோரக் குடிசைகளிலிருந்து வேறிடம் மாற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களும் ஃப்ரேமில் இல்லை.

அப்போ பூங்கா மோசமா? அப்படிச் சொல்லலை. சாயங்காலம் அங்கே ஜனங்க காற்று வாங்க வருவதும் உண்மைதான். ஆனால் வேறொரு நகரம் "எங்களுக்கும் இதே மாதிரி வேணும்"னு கேட்கும்போது கையில் இருப்பது அந்த அழகான படம். படத்தைப் பார்த்துக் கரையைக் கட்டிடலாம். தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும், அங்கே குடியிருந்தவங்க எங்கே போவாங்க என்பதை நாமதான் கேட்கணும்.

நானும் யோக்கியன் இல்லை. போன செமஸ்டரில் ஒரு ஏரிக்கரை ரிப்போர்ட்டுக்கு நாற்பது படம் எடுத்து, அழகான நாலை மட்டும் வெச்சேன். ஒன்றில் ஓரமாகத் தெரிந்த கழிவுநீர்க் குழாயை க்ராப் பண்ணிட்டேன். யாரும் கேட்கலை, நல்ல மார்க்கும் வந்தது.

அதனால் இப்போ ஒரு வழக்கம் வெச்சிருக்கேன். ஒவ்வொரு சைட் போட்டோவுக்கும் கீழே தேதி, நேரம், எங்கே நின்று எந்தத் திசையில் எடுத்தது என எழுதுவேன். கூடவே, அந்த ஃப்ரேம் முடியும் இடத்தைத் தாண்டிப் போய் இன்னொரு படமும் எடுப்பேன். நீங்களும் அடுத்த ஃபீல்டு விசிட்டில் செய்து பாருங்க.