பப்ரீஷியஸ் ஐயரும் தமிழ் வேதாகமமும்

கல்லிற் பொறித்த தமிழ் ஒன்று. செவியிற் கேட்குந் தமிழ் மற்றொன்று. கி.பி. ஏழாம் நூற்றாண்டிற் பல்லவருஞ் சாளுக்கியரும் பொருத களமாகிய மணிமங்கலத்திற்குச் செல்லும் மாணவர், அவ்வூர்க் கோயிற் சுவர்களிற் சோழ வேந்தரின் சாசனங்களைக் காண்பர். அவை நம் தாய்மொழியில் அமைந்தனவேயாயினும், பயின்றார் ஒருவர் துணையின்றி அவற்றின் பொருள் விளங்குதல் அரிது. வேந்தர் புகழைக் கூறுஞ் சாசனத்திற்கு இதனால் இழுக்கொன்றுமில்லை. ஆனால், கற்றாருங் கல்லாரும் ஒருங்கே கேட்டுணர வேண்டுமென்னும் நோக்கத்தோடு இயற்றப்படும் நூல் அவ்வாறு விளங்காது நிற்குமாயின், அதனால் விளையும் பயன் யாது? இக்கேள்வியை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் நெஞ்சிற் கொண்டு உழைத்தவர், சென்னை வேப்பேரியில் வாழ்ந்த யோவான் பிலிப்பு பப்ரீஷியஸ் ஐயர். அவர் தமிழ் வேதாகமத்திற்குச் செய்த தொண்டினை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அவருக்கு முன்னரே இப்பணி தொடங்கிவிட்டது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகியவர். 1708ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி, 1711ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முடித்தார். அஃது 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சேறிற்று. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் சரித்திரம் வரையில் மொழிபெயர்த்த நிலையில், 1719ஆம் ஆண்டு அவர் காலமானார். எஞ்சிய பகுதியைச் சூல்ட்ஸ் ஐயர் நிறைவேற்ற, 1728ஆம் ஆண்டளவில் வேதாகமம் முழுவதுந் தமிழில் அச்சாகிவிட்டது.

அங்ஙனமாயின், மீண்டும் மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் என்னை? முன்னோர் செய்தது பெருந்தொண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்காலத்தில் தமிழ் உரைநடை இளம்பருவத்தில் இருந்தது. செய்யுளுக்கு இலக்கணமும் இலக்கியமும் மிகுதியாக உண்டு. பொதுமக்களுக்குரிய வசனநடைக்கு வழிகாட்டிய நூல்களோ மிகச் சில. அந்நிய நாட்டார் விரைந்து இயற்றிய வாக்கியங்களிற் பிறமொழிக் கட்டமைப்பும், வேண்டாத சொற்பெருக்கமும் புகுந்தன. பொருள் இருந்தது, ஓசையும் உரமும் இல்லை.

1711ஆம் ஆண்டு ஜெர்மனியிற் பிறந்த பப்ரீஷியஸ் 1740ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்து, சின்னாட்களிற் சென்னையிற் குடியேறினார். மூலமொழிகளாகிய எபிரெயு, கிரேக்கு ஆகியவற்றை ஒருபுறமும் முன்னோர் மொழிபெயர்ப்பை மறுபுறமும் வைத்துக்கொண்டு வசனம் வசனமாக ஆராய்ந்தார். தாம் எழுதியதைத் தாமே மெச்சிக்கொள்ளாமல், தமிழரைக் கூட்டி உடனிருத்திப் படித்துக்காட்டித் திருத்தியமையே அவர் கையாண்ட முறையின் சிறப்பு. கற்றவர் சொல்லின் செம்மையைக் காட்டினர். கல்லாதவர் பொருள் விளங்கிற்றா இல்லையா என்பதைக் காட்டினர். இருவரும் அவருக்கு ஆசிரியர். தெளிவு, வலிமை, சுருக்கம், பொருத்தம் என்னும் நான்கு குணங்களை அவர் நாடினார் எனலாம்.

சொற்றெரிவு ஒன்றை இங்கே எடுத்துக்காட்டுவோம். இறைவனை எப்பெயராற் குறிப்பதென்பது மொழிபெயர்ப்பாளர் யாவர்க்கும் முதற்கண் தோன்றும் இடர். சீகன்பால்கு ஐயர் ‘சருவேசுரன்’ என்ற சொல்லை ஆண்டார். அஃது அவருக்கு முன்னிருந்த உரோமைச் சபையாரிடமும் வழங்கியதாகும். பப்ரீஷியஸ் ஐயர் நிலைநிறுத்தியது ‘பராபரன்’ என்பது. மேலுங் கீழுமாய் யாவுமாய் நிற்கும் பொருள் என்னும் கருத்துடைய அச்சொல், தமிழர் பக்திப் பாடல்களில் முன்னரே பயின்றது. அந்நூற்றாண்டிலேயே வாழ்ந்த தாயுமான சுவாமிகளின் பராபரக்கண்ணியை அறியாத தமிழர் யார்? புதிய செய்தியைக் கூறவந்தவர், கேட்போர் நெஞ்சில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த சொல்லையே தெரிந்தெடுத்தார்.

இப்பணி அமைதியான காலத்தில் நடந்ததன்று. 1746ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோதும், 1758ஆம் ஆண்டு லாலி படையெடுத்தபோதும் அவர் பழவேற்காட்டில் அடைக்கலம் புகநேர்ந்தது. எனினும் போரே ஒரு நன்மையையும் அளித்தது. 1761ஆம் ஆண்டு ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கே அகப்பட்ட அச்சியந்திரம் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் பொறுப்பில் விடப்பட்டது. அவ்வாறு வேப்பேரியில் அமைந்த அச்சகத்திலேயே அவருடைய புதிய ஏற்பாடு 1772ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழ்–ஆங்கில அகராதியும் 1779ஆம் ஆண்டு வெளியாயிற்று. பழைய ஏற்பாடு 1777ஆம் ஆண்டு முதற் பகுதி பகுதியாகத் தரங்கம்பாடியில் அச்சாகி, அவர் மறைந்த பின்னரே முற்றுப்பெற்றது.

அவர் வாழ்வில் ஒரு குறையும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. தம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட பொருளைப் பிறர்க்குக் கடனாகக் கொடுத்து, அது திரும்பாமையாற் பெருங்கடனில் மூழ்கிச் சிறையிலும் இருந்தார். சொற்களை நிறுத்துப் பார்க்க அறிந்த அவர், மனிதர் வாக்கை நிறுத்துப் பார்க்க அறிந்திலர். 1791ஆம் ஆண்டு சென்னையிற் காலமானார்.

இனி, அவர் நூல் பின்வந்தோரிடத்து எவ்வாறு செயற்பட்டதென்று காண்போம். பாளையங்கோட்டையிற் பணியாற்றிய இரேனியஸ் ஐயர் எளிமையை நாடிப் புதிய ஏற்பாட்டைத் திருத்தினார். யாழ்ப்பாணத்திற் பர்சிவல் ஐயர் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு செய்வித்த மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் தமிழ் செம்மையுடையதேயாயினும் சபைகள் பலவும் அதனை ஏற்கவில்லை. பவர் ஐயர் தலைமையிற் குழுவினர் இயற்றி 1871ஆம் ஆண்டு வேதாகமமாக நிறைவெய்திய ஐக்கிய மொழிபெயர்ப்போ, பப்ரீஷியஸின் நடையைப் பெரிதுந் தழுவியது. ‘பராபரன்’ போய்த் ‘தேவன்’ வந்ததேனும், வாக்கியங்களின் ஓட்டத்தில் அவர் குரல் நின்றது. லுத்தரன் சபையார் பலர் அவருடைய பழைய நூலையே நெடுங்காலம் விடாது ஓதினர். 1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியத்திற் ‘கடவுள்’ என்னுஞ் சொல் இடம்பெற்றது.

இங்கே நாம் சிந்திக்கத்தக்க ஒன்றுளது. முன்னோர் நூலைத் திருத்த அஞ்சாதவரின் நூலையே, பின்வந்தோர் பலர் திருத்த அஞ்சினர். செவியிற் பழகிய சொல் நாளடைவிற் புனிதமாகிவிடுகிறது. அதனை மாற்றுவது தெய்வத்தையே மாற்றுவதுபோல் தோன்றுகிறது. இவ்வுணர்ச்சியை இகழ்தற்கில்லை, துன்பத்திலும் மரணத்திலும் துணைநின்ற சொற்களை எவர்தாம் எளிதில் விடுவர்? ஆயினும் பப்ரீஷியஸ் ஐயரை மெய்யாகப் பின்பற்றுவோர், அவர் எழுதிய சொல்லைக் காப்பவர் மட்டுமல்லர். அவரைப்போல, கேட்பவருக்கு விளங்கிற்றா என்று ஒவ்வொரு தலைமுறையிலும் மறுபடி கேட்பவருமாவர்.

நூலின் முகப்பில் மிஷனெரியின் பெயரே நிற்கிறது. அவரோடிருந்து, இச்சொல் வேண்டா, அச்சொல் தகும் என்று கூறிய தமிழர் பெரும்பாலார் பெயர் அதில் இல்லை. எனினும் தமிழ் வேதாகமத்தின் இனிமையில் அவர்தம் பங்கு சிறிதன்று. மொழிபெயர்ப்புத் துறையிலும் பிற துறைகளிலும் எழுதப்புகும் நம் மாணவர், தம் எழுத்தை அச்சுக்கு அனுப்புமுன், எளியார் ஒருவர்க்கு அதனைப் படித்துக்காட்டி அவர் முகத்தை நோக்குவாராக. ஐயரின் வாழ்விலிருந்து நாம் பெறத்தக்க பாடம் இதுவேயாம்.