மலையிறங்கும் பாதை

நுழையும்முன்

பயணம் என்றதும் புறப்பாடும் சென்றுசேரும் இடமுமே நினைவுக்கு வருகின்றன. திரும்பிவருதலைப் பற்றிப் பெரும்பாலோர் எண்ணுவதில்லை. ஆனால், பயணத்தின் பயன் வீடு திரும்பிய பின்னரே வெளிப்படுகிறது. வெள்ளியங்கிரி மலையில் ஓர் இரவு நடந்து திரும்புவோரின் பட்டறிவு இதனை உணர்த்துகிறது.

ஓர் இரவின் நடை

கோயம்புத்தூருக்கு மேற்கே, மேற்குத்தொடர்ச்சி மலையில் அமைந்துள்ளது வெள்ளியங்கிரி. பிப்ரவரி முதல் மே வரையிலான காலத்தில் மலையேற வனத்துறை இசைவளிக்கிறது. வெயிலைத் தவிர்க்க விரும்புவோர் அடிவாரமான பூண்டியிலிருந்து இரவில் புறப்படுகின்றனர். தோளில் ஒரு பை, கையில் ஒரு மூங்கில் கழி. இவற்றுடன் ஏழு மலைகளைக் கடக்க வேண்டும்.

கொண்டுசென்ற நீர் தீர்ந்ததும் வழியிலுள்ள சுனைகளே துணை. கோடையில் சுனைநீர் சிறுகச்சிறுக ஊறும். ஒருவர் மொண்டபின் அடுத்தவர் பொறுமையுடன் காத்திருப்பார். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோகும் பழக்கமுடையவரும் அவ்விடத்தில் ஒரு குவளை நீரின் அருமையை அறிகிறார்.

இறக்கத்தின் கவனம்

கதிரவன் எழுவதை மலையுச்சியில் கண்டபின் இறக்கம் தொடங்குகிறது. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் நோகும். களைப்பினால் கவனம் சிதறுவதும் அப்போதுதான். எனவே, கழியை முன்னே ஊன்றி, நிதானமாக அடியெடுத்து வைக்க வேண்டும். கொண்டுசென்ற நெகிழிக் குப்பிகளும் உணவு உறைகளும் பையிலேயே கீழிறங்க வேண்டும். மலையில் விட்டுவந்தால் அவை காட்டுயிர்களின் வயிற்றைச் சென்றடையும்.

ஆற்றுடன் ஒரு பயணம்

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றும் ஆறு நொய்யல். காஞ்சிமாநதி என்பது அதன் பழம்பெயர். மலையிறங்கியோர் பேருந்தில் ஆலாந்துறை, பேரூர் வழியாகக் கோயம்புத்தூருக்குத் திரும்புகின்றனர். நொய்யலும் அதே திசையில் கிழக்கு நோக்கிச் சென்று, திருப்பூரைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கிறது.

மலையில் தெளிந்து வரும் நீர், நகரத்தில் கழிவுகளைச் சுமக்கிறது. பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. உழவர்களின் நிலமும் கிணற்றுநீரும் கெட்டன. 2011ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அப்பகுதிச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவிற்கு நிலைமை முற்றியது. காலையில் சுனைநீர் பருகியவர், மாலையில் நகரப் பாலத்தின்மீது நின்று ஆற்றைப் பார்க்கும்போது இரண்டும் ஒரே மலையின் நீர் என்பதை உணர்கிறார்.

திரும்பியவரின் கடமை

திரும்பிவருபவருக்குத் தனியிடம் தந்த இலக்கியம் தமிழில் உண்டு. அதுவே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் 'கூத்தராற்றுப்படை' எனவும் வழங்கப்படுகிறது. பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையுடன் எதிர்வரும் கூத்தனுக்கு நன்னனிடம் செல்லும் வழியைக் கூறுவதாக அது அமைந்துள்ளது. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள் என மலைவழியின் இடர்களும் அதில் எடுத்துரைக்கப்படுகின்றன. தான் பெற்றதோடு அமையாமல், பின்வருவோர்க்கு வழிகாட்டுவதே மீள்பவனின் கடமை என்பது பாடலின் உட்கருத்து.

மறுநாள் பள்ளிக்கோ பணிக்கோ செல்லும்போது படிகளில் கால் வலிக்கும். அவ்வலி சில நாள்களில் நீங்கிவிடும். ஆனால், குடம் நிரம்பியதும் குழாயை மூடும்போது சுனையருகே காத்திருந்தது நினைவுக்கு வரவேண்டும். ஆற்றில் குப்பை எறியும் ஒருவரைத் தடுத்து, அந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று எடுத்துக்கூற வேண்டும். அப்போதுதான் அந்தப் பயணம் நிறைவு பெறுகிறது.