விமானம் தாமதமா? நமக்கு என்ன உரிமை?



"பஸ் பாஸுக்கே திண்டாடுற நமக்குப் பிளேன் எதுக்குப்பா?" என்று சிரிக்காதீர்கள். டிப்ளமோ முடித்து டெல்லி, புனே என்று வேலைக்குப் போன சீனியர்கள் பலர். நாளை நாமும் போவோம்.

என் தாய்மாமா டெல்லியில் ஃபிட்டர். ஆயா இறந்த செய்தி கேட்டு, முதல் தடவையாக விமான டிக்கெட் எடுத்தார். இரவு 9 மணி விமானம் காலை 5.30-க்குத்தான் கிளம்பும் என்று கடைசி நேரத்தில் அறிவித்தார்கள். காரணம், வேறு ஊரிலிருந்து விமானம் வந்து சேரவில்லையாம். மாமா விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வெறும் தண்ணீர்தான். சிலர் மட்டும் கவுண்டரில் பேசிச் சாப்பாட்டுக் கூப்பன் வாங்கினார்கள், காரில் ஓட்டலுக்கும் போனார்கள். 'அவங்க பெரிய டிக்கெட் போலிருக்கு' என்று மாமா நினைத்துக்கொண்டார். அவர் ஊர் வந்து சேர்ந்தபோது எல்லோரும் சுடுகாட்டிலிருந்து திரும்பிவிட்டார்கள்.

"நீ படிக்கிற புள்ள. இதுக்கெல்லாம் சட்டம் இருக்கா மாப்ளே?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் படிக்க வந்தவன் நான் ஒருவன்தான். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததே இக்கட்டுரை.

விதி எது?

மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) 2010 ஆகஸ்டில் இதற்கென விதி வெளியிட்டது. பின்னர் திருத்தங்களும் வந்தன. இவ்விதியில் 'பிளாக் நேரம்' என்ற சொல் அடிக்கடி வரும். விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல், போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்தப்படுவது வரை ஆகும் நேரமே அது.

தாமதமானால்

1. பிளாக் நேரம் இரண்டரை மணி வரை என்றால் 2 மணி நேரத் தாமதத்துக்கும், இரண்டரை முதல் 5 மணி வரை என்றால் 3 மணி நேரத் தாமதத்துக்கும், அதற்கு மேல் என்றால் 4 மணி நேரத் தாமதத்துக்கும் இலவச உணவு தரவேண்டும். நாம் உரிய நேரத்தில் செக்-இன் செய்திருக்க வேண்டும்.

2. உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், 6 மணிக்குள் வேறு விமானம் அல்லது முழுப் பணம். எது வேண்டும் என்பது நம் விருப்பம்.

3. தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஓட்டல் தங்கலும் போக்குவரத்தும் உண்டு. இரவு 8 முதல் அதிகாலை 3 மணிக்குள் கிளம்பவேண்டிய விமானம் என்றால், 6 மணி நேரத்தைத் தாண்டினாலே போதும்.

ரத்தானால்

முன்கூட்டியே சொல்லியிருந்தால் மாற்று விமானம் அல்லது பணம் திரும்ப. உரிய காலத்தில் சொல்லாமல் ரத்து செய்தால் இழப்பீடும் சேரும். பிளாக் நேரம் 1 மணி வரை ரூ.5,000, 2 மணி வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10,000. அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

உதாரணம்: சென்னை - டெல்லி, 2 மணிக்கு மேல். அந்தக் கட்டணம் ரூ.4,200 என்றால் இழப்பீடு ரூ.4,200. ரூ.11,000 என்றால் ரூ.10,000.

டிக்கெட் எடுக்கும்போது சரியான போன் நம்பர் தராதவருக்கு இழப்பீடு இல்லை. ஏஜெண்டிடம் எடுத்தாலும் நம் நம்பரையே கொடுக்கவேண்டும்.

விதிவிலக்கு

மூடுபனி, புயல், வெள்ளம், கலவரம், வேலைநிறுத்தம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் தடை போன்றவை கம்பெனியின் கையில் இல்லாதவை. அவற்றால் வந்த ரத்துக்கு இழப்பீடு கிடையாது. அவற்றால் வந்த தாமதத்துக்கு மேற்சொன்ன வசதிகளைத் தரும் கட்டாயமும் இல்லை. ஆகவே, காரணம் என்ன என்பதே முதல் கேள்வியாக இருக்கவேண்டும்.

நாம் செய்யவேண்டியவை

* காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் அறிவிப்புப் பலகையைப் போட்டோ எடுங்கள்.
* டிக்கெட், போர்டிங் பாஸ், வந்த எஸ்.எம்.எஸ்., சாப்பாட்டு பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.
* முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். பிறகு மத்திய அரசின் 'ஏர்சேவா' தளம், நுகர்வோர் உதவி எண் 1915.
* அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சோறு கெடக்கட்டும் மாப்ளே. வேற பிளேன் கேட்டிருக்கலாமே" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நண்பர்களே! அழுத பிள்ளைக்குத்தான் பால். ஆனால் பால் இருக்கிறது என்றே தெரியாத பிள்ளை எப்படி அழும்? நம் வீட்டிலிருந்து யாராவது முதல் தடவை விமானம் ஏறும்போது, வழியனுப்பப் போகும் நாம் இந்த நாலு விஷயத்தையும் சொல்லி அனுப்புவோம். படித்ததற்கு அதுவும் ஒரு பயன்தானே!